ஆறு மணிக் கட்டம்

கல்பலகையில் கால் வைப்பதற்கு முன்னால் சண்முகவடிவு ஒரு நிமிஷம் ஒதுங்கி நிற்பாள். யாருக்கு வழி விடுகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டாள். காலை ஐந்தே முக்காலுக்குப் பூவாட்டுக்குளத்துக் கரையில் அவளைத் தவிர ஆள் கிடையாது. இருந்தாலும், முன்னால் போகிறவர் போய்ச் சேரட்டும் என்பதுபோலச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காத்து நின்றுவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பாள். ரெண்டு வருஷத்துக்கு மேலாக இதுதான் நடப்பு.

பலகை என்பது கரையையும் மடைமேடையையும் சேர்க்கிற ஒற்றைக் கருங்கல். பத்தடி நீளம், ஒன்றரை அடி அகலம். மேடை தண்ணீருக்குள் நிற்கிறது. ஷட்டரை ஏற்றி இறக்கும் சக்கரம் அதன்மேல் இருக்கிறது. குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் எண்களை மேடையின் உள்முகத்தில், கரையில் நிற்பவர் கண்ணில் படாத பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் அந்தப் பக்கம் எழுதச் சொன்னானோ தெரியாது. பலகையைக் கடந்து, மண்டிபோட்டு, சக்கரத் தண்டை இடதுகையால் இறுக்கிப் பிடித்து, பாதி உடம்பைத் தண்ணீருக்கு மேல் நீட்டி எட்டிப் பார்க்க வேண்டும். காலை ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு என்று மூன்று நேரமும் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதி, பொதுப்பணித்துறையின் செக்‌ஷன் ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். மடை வாயில் கட்டிய வலையில் சிக்கிய ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் குப்பையையும் வாரிப் போட வேண்டும், சக்கரத்துக்கும், மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் மறுகால் ஷட்டருக்கும் கிரீஸ் போட வேண்டும். லஸ்கர் வேலை என்பது இவ்வளவுதான். ஊரில் இதை ஒரு வேலையாக யாரும் நினைப்பதில்லை.

அவளுடைய புருஷன் கிருஷ்ணமணி பதினாறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், ஒரு காலை நேரத்தில் அந்த மேடையிலிருந்துதான் தண்ணீருக்குள் போனான். பத்து மணிக்கு மடை வலையில் ஆகாயத்தாமரையோடு ஒதுங்கிக் கிடந்தவனை வயலுக்கு வந்தவர்கள் தூக்கிக் கரையில் போட்டார்கள். அவன் கொண்டுபோன கறுப்புக் குடை மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. பிடித்து நிற்க ஒரு கம்பி வேண்டும் என்று அவன் மூன்று தடவை மனு எழுதியிருந்தான். ஆள் போய்ச் சேர்ந்து நாலாம் நாள் ஒரு நைலான் கயிறு வந்தது.

கிருஷ்ணமணி குடிப்பவன்தான். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தினமும் இல்லை, ஆனால் குடித்தால் கணக்கில்லாமல் குடிப்பான். அவன் செத்ததற்கு முந்தின நாள் சாயங்காலமும் குடித்துவிட்டு வந்தான். மகள் இந்துஜா அப்போது பிளஸ் டூ. அவளுடைய தோழிகள் பார்க்கும்படி முற்றத்தில் தடுமாறி விழுந்தான். வடிவு வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். காலையில் அவன் எழுந்து நடமாடுவது காதில் விழுந்தும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், சாயா போட்டுக் கொடுக்கவில்லை. ஆணியிலிருந்து குடையை எடுக்கும் சத்தமும் தாழ்ப்பாள் சத்தமும் கேட்டன. போய்த் தொலையட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். அப்படிச் சொன்னதை இன்றுவரை ஒரு மனுஷரிடமும் அவள் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் போலீஸ்காரர் கேட்டார்.

“ராத்திரி குடிச்சிருந்தாரா?”

“ஆமா.”

“காலையில போகும்போதும் போதை இருந்திருக்குமோ?”

“இருந்திருக்கும்,” என்றாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அப்போது அவளுக்குள் அதிகமாக இருந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிய மனுஷன் போதையில் இருந்தானா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல் காகிதத்தில் ஏறிற்று. மது அருந்தும் பழக்கமுள்ளவர், போதையில் தவறி விழுந்தார். விசாரணை அதோடு முடிந்தது.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. குளித்துவிட்டு வருகிற பெண்கள், குளத்துக்கு மாடு பத்திக்கொண்டு போகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். செத்துப்போன கிருஷ்ணமணி குடையோடு மடைமேல் நிற்கிறான், குனிந்து தண்ணீரைப் பார்க்கிறான், தவறிப்போன குவார்ட்டர் பாட்டிலைத் தேடுகிறான். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பயமும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்த சிரிப்பு. இந்துஜா நாகர்கோவிலில் நர்சிங் படிக்கப் போனபோது, கோட்டாற்றுக்கு அந்தப் பக்கம் தன்னை யாருக்கும் தெரியாது என்பதையே பெரிய நிம்மதியாகச் சொன்னாள். “குடிச்சிட்டு குளத்துல வுழுந்தவருக்க மவளா நீ?” என்று கேட்க அங்கே ஆளில்லை.

எட்டு மாதத்தில் கருணை அடிப்படையில் அதே வேலை, அதே குளம், வடிவுக்குக் கிடைத்தது. ஆபீசில் ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். இடம் வரும்போது பார்க்கலாம் என்றார்கள்.

பூவாட்டுக்குளத்துக்கு மேலே இருக்கிற ஆனைக்கல் குளத்துக்கு எபிசன் லஸ்கர். நல்ல மனுஷன், ஆபத்துக்கு உதவுகிறவன், காரியத்தில் மட்டும் பெரிய சோம்பேறி. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவளிடம் வந்து சூத்திரம் சொல்லிக் கொடுத்தான்.

“நீ ஏன் வடிவு அந்தக் கல்லுல கெடந்து தொங்குகே? மழ பெய்தா நேத்துள்ள அளவுல அரைய கூட்டிப் போடு. வெயிலடிச்சா காலக் கொற. வீட்டுலேயே இருந்து எழுதலாம். நாங்க எல்லாவனும் அப்பிடித்தானே எழுதுகோம். ஆரு வந்து பாக்கப் போறா?”

“அவியளும் அப்பிடித்தான் எழுதினாவளா?” என்று புருஷனைப் பற்றிக் கேட்டாள்.

“அவன் ஒரு பிராந்தன், சரியான கிறுக்கன்,” என்றான் எபிசன்.

ஆடிச் சாரல் அடித்த ஒரு காலையில் வடிவுக்குக் காய்ச்சல். அதைவிடப் பெரிய நோவு, அந்தக் கல்லைப் பார்க்கவே பிடிக்காத நோவு. படுக்கையில் சாய்ந்தபடியே ரிஜிஸ்டரைத் திறந்து, நேற்று எட்டரை என்பதால் இன்றைக்கு 9.0 என்று எழுதி, போனிலும் சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. ஆபீசில் சரி என்றார்கள்.

மத்தியானம் காய்ச்சல் விட்டபோது கரைக்குப் போனாள். கரையோரத்தில் வயல் வைத்திருக்கும் ஞானசிங் வரப்பில் நின்று கூப்பிட்டார். எழுபது தாண்டியவர். ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்திருக்கிறார்கள்.

“மக்கா, காலையில நான் கூப்பிட்டது ஒனக்கு கேக்கல்லியா?”

“எப்ப பாட்டா?”

“ஆறு மணிக்கு. மேடையில குனிஞ்சு பாத்துகிட்டு நின்னியே. மழையில எதுக்கு இப்பிடி தொங்குகே, வழுக்கிரும் பிள்ளேன்னு கத்தினேன். நீ திரும்பவே இல்ல. கறுப்புக் குட வேற, காத்துல பறக்க நின்னுது.”

வடிவிடம் கறுப்புக் குடையே கிடையாது. அவளுடையது இந்துஜா வாங்கிக் கொடுத்த நீல மழைக்கோட்டு.

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். கிழவருக்குக் கண் சரியில்லை. மழை, இருட்டு, மடைச் சக்கரம் ஆள்போலத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்னது எதுவும் நெஞ்சில் தங்கவில்லை. தங்கியது ஒன்றே ஒன்றுதான். நான் போகாவிட்டால் அவர் போகிறார். செத்தும் அந்த மனுஷனுக்கு ஓய்வு கிடையாது.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வேலைமீது வந்த பக்தியால் இல்லை, பயத்தால்தான். சுகமில்லாத நாளிலும் போனாள். அம்மா செத்த அன்று கண்ணீரோடு போய்ப் பார்த்து எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். தண்ணீர் 7.35 என்றால் 7.35, 8.15 என்றால் 8.15. சனிக்கிழமைதோறும் கிரீஸ் டப்பாவோடு மடைக்கும் மறுகாலுக்கும் போவாள். வலையில் ஆகாயத்தாமரையை வாரும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் கிடந்த இடம். முதலில் பயத்துக்காகச் செய்ததை நாளாக நாளாகக் கை தானாகச் செய்யத் தொடங்கியது. பலகைக்கு முன்னால் ஒரு நிமிஷம் அவனுக்கு வழி விடுவதும் அப்படிச் சேர்ந்துகொண்டதுதான். அவன் முன்னால் போகிறான் என்று நினைத்தால் பலகையில் நடக்கத் தைரியம் வந்தது. அவனுடைய இருமல் கேட்டதாகச் சில நாள் தோன்றும். குனிந்து அவன் எதைத் தேடுகிறான் என்று மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. ஊர் சொல்வதே உண்மையாக இருந்துவிட்டால்?

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் எபிசன் நனைந்தபடி குளத்தங்கரை மரத்தடிக்கு அவளிடம் வந்து, சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பழைய ரிஜிஸ்டரை எடுத்தான்.

“நாளைக்கு மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வாறாவளாம். பழைய ரிஜிஸ்டர் எல்லாம் பாப்பாவ. இதுல ஒரு கட்டம் காலியா கெடக்கு. ஆபீஸ்ல கிளார்க்கு சொன்னாரு, ஒரு எண்ணு எழுதிக் கொடுக்கச் சொன்னாரு. கிருஷ்ணமணிக்க கையெழுத்து ஒனக்குத்தான் தெரியும், அதே மாதிரி எழுதிரு. அவன் செத்த அண்ணு, கரையில கல்லுக்கு அடியில இருந்துதாம் இது. அண்ணையிலேருந்து ஆபீஸ் பீரோவுலயே கெடந்துருக்கு.”

வடிவு உறையைப் பிரித்தாள். தேதி, காலை, மதியம், மாலை, குறிப்பு, கையொப்பம் என்று கட்டம் கட்டமாகப் போட்ட தாள். அவனுடைய கோணல் எழுத்து. கடைசி வரியில் தேதி மட்டும் எழுதியிருந்தான். காலைக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. தாளுக்கு நடுவே பேனாகூட அப்படியே இருந்தது.

அவள் பின்னோக்கிப் புரட்டினாள். மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய்விட்டு வந்து அவன் மூன்று நாள் குடித்துக் கிடந்த மாசி மாதம் அவளுக்கு மறக்கவில்லை. விடிவதற்குள் எழுந்து தள்ளாடிப் போனவனைப் பார்த்து, கடை திறக்குமுன்பே ஓடுகிறானே என்று அன்று ஏசினாள். அந்த மூன்று நாளும் தாளில் இருந்தன. காலைத் தண்ணீர் 6.15 அடி, 6.10, 6.05. கடைக்கு ஓடவில்லை, இங்கேதான் வந்திருக்கிறான். தலை சுற்ற, வயிறு புரட்ட, இந்தக் கல்லில் தொங்கி எட்டிப் பார்த்திருக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் அரையும் காலும் இல்லாத எண்கள். ஒரு எண்கூட வீட்டிலிருந்து எழுதியதாகத் தெரியவில்லை.

கடைசி வரிக்குத் திரும்ப வந்தாள். வீட்டிலிருந்து எழுதுகிறவனாக இருந்திருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு எண் இருந்திருக்கும். அவனும் இருந்திருப்பான்.

“எழுது வடிவு. மழ வலுக்குது,” என்றான் எபிசன்.

“மாட்டேன்.”

“ஒரு எண்ணுதானே பிள்ளே.”

“அவிய பாக்காத எண்ண நான் எழுதமாட்டேன் அண்ணே. போதையோ இல்லியோ எனக்கு தெரியாது. ஆனா அவிய பாட்டில் தேடிட்டு நிக்கல்ல. இதத்தான் தேடிட்டு நிக்காவ.”

எபிசன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு போனான். இவளுக்கும் பிராந்து பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். வடிவுக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் ஆய்வும் இல்லை, ஒன்றும் இல்லை. இரவெல்லாம் கொட்டிய மழை விடிந்தும் விடவில்லை. வடிவு கரைக்குப் போனபோது கல்பலகைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. காற்று வீசும்போதெல்லாம் அலை பலகைமேல் ஏறி இறங்கியது. இரைச்சலில் தன் மூச்சே அவளுக்குக் கேட்கவில்லை.

வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். அப்போது பார்த்தாள். மேடையின் ஓரத்தில், மழைத்தாரைக்குப் பின்னால், கறுப்பாக ஒன்று குனிந்து நின்றது. சக்கரமாக இருக்கலாம். சக்கரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் சக்கரத்துக்குக் குடை கிடையாது.

திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. போனில் ஏதாவது ஒரு எண்ணைச் சொன்னால் போதும், பதினொன்று, பதினொன்றரை. இந்த மழையில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அப்படித் திரும்பினால் இன்றைக்கும் அவன்தான் தொங்கப்போகிறான். அது அவளுக்குத் தாங்கவில்லை.

“நீங்க நில்லுங்க,” என்றாள். “அங்கேயே நில்லுங்க. இன்னைக்கு நான் பாக்கேன்.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் தவழ்ந்தே போனாள். மேடையில் மண்டிபோட்டுத் தண்டை இறுக்கினாள். உடம்பை நீட்டிக் குனிந்தாள். கலங்கல் தண்ணீர் முகத்துக்கு நேரே சுழித்தது. அலை ஏறும், இறங்கும். இறங்குகிற நொடியில் எண் தெரியும். மூன்று தடவை காத்திருந்து பார்த்தாள். 11.85.

நிமிர்ந்தபோது மேடையில் அவளைத் தவிர யாரும் இல்லை. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். செக்‌ஷன் ஆபீசில் உதவிப் பொறியாளர் பிந்து ராத்திரியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, மேற்கே மார்த்தாண்டம் பக்கத்துக்காரி.

“எக்கா, சொல்லுங்க.”

“பதினொண்ணு புள்ளி எட்டு அஞ்சு மேடம்.”

“அதெப்பிடி? எபிசன் அண்ணன் ஆனைக்கல்லுல பத்தரைன்னு சொல்லுகாரு. அங்க பத்தரைன்னா உங்களுக்கு பதினொண்ணேகாலுக்கு மேல வரப்பிடாதே.”

“எனக்கு அது தெரியாது. இது எட்டு அஞ்சு. ஏறிட்டு வருது.”

பிந்துவின் தவிப்பு வடிவுக்கும் புரிந்தது. பன்னிரண்டு அடி நிறைகுளம். பதினொன்றே முக்காலைத் தாண்டினால் மறுகால் ஷட்டர் எல்லாவற்றையும் திறந்தாக வேண்டும். திறந்தால் கீழவிளையில் அறுபது வீட்டுக்குள் தண்ணீர் போகும், நட்டு இருபது நாளான கும்பப்பூ நெல்நடவு மொத்தமும் முங்கும். அதற்கு முன்னால் அறுபது குடும்பத்தையும் கொட்டுகிற மழையில் கிளப்ப வேண்டும். எண் தப்பாக இருந்தால் அந்தச் சாபமெல்லாம் பிந்து தலையில். எண் சரியாக இருந்து திறக்காவிட்டால் கரையே போய்விடும்.

“எக்கா, ஒரு வார்த்த கேக்கேன், வருத்தப்படாதீங்க. நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.”

“இந்த ரெண்டு வருஷமா உங்க எண்ணு ஒருநாளும் ஒழுங்கா அரையிலயும் முழுசுலயும் வந்து நின்னது கெடையாது. ஆபீஸ்ல அதச் சொல்லிச் சிரிப்பாவ. நான் உங்க எண்ண நம்புகேன் எக்கா. ஆள அனுப்புகேன், மறுகாலுக்குப் போங்க.”

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஞானசிங் பாட்டா சபைக் கோயிலின் மணியை விடாமல் அடிக்கச் சொன்னார். ஏசிக்கொண்டும் அழுதுகொண்டும் கீழவிளை சனம் ஆட்டையும் கோழியையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. கடைசி ஆளும் ஏறிவிட்டது என்று போன் வந்தபோது மணி ஏழேகால். மறுகால் ஷட்டர்கள் மக்கர் பண்ணாமல் திரும்பின. வாரம் தவறாமல் கிரீஸ் போட்ட சக்கரம் அது. வடிவும் பாசனக்காரர் ரெண்டு பேருமாக நாலு ஷட்டரையும் அரை மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள்.

ஒன்பதே காலுக்கு மேலே ஆனைக்கல் குளத்தின் கரை உடைந்தது. அங்கே பத்தரை இல்லை, பன்னிரண்டும் தாண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் மொத்தமும் பூவாட்டுக்குளத்துக்குள் வந்து விழுந்தது. ஒன்றரை மணி நேரம் திறந்துவிட்டதில் குளத்தில் கொஞ்சம் இடம் இருந்தது; கரை கிடுகிடுத்தது, ஆனால் நின்றது. கீழவிளையில் இடுப்பளவு தண்ணீர், வீடுகளில் ஆளில்லை. நடவு போயிற்று, நாலு சுவர் இடிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

எபிசன் மத்தியானம் வந்து மழையில் கரையிலேயே குந்திவிட்டான். “காலையில நான் எந்திரிச்சுப் போவல்ல வடிவு,” என்றான். “நேத்துள்ளதோட அரையக் கூட்டினேன்.” அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவளும் ஒரு தடவை கூட்டியவள்தானே.

பத்து நாள் கழித்து பிந்து அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் ரிஜிஸ்டர்கள் அடுக்கியிருந்தன.

“எக்கா, இனிமே மழைக்காலத்துல நீங்க இஞ்ச வந்து உக்காரணும். இருபத்திமூணு குளத்துலேருந்தும் அளவு உங்களுக்குத்தான் வரும். ஒவ்வொருத்தர்கிட்டயும் பாத்தியளான்னு கேக்க எனக்கு ஒரு ஆளு வேணும். நான் கேட்டா பயந்து பொய் சொல்லுவாவ. நீங்க கேட்டா சொல்லமாட்டாவ. ஆர்டர் வாங்கிட்டேன்.”

ரெண்டு வருஷமாகக் கேட்ட ஆபீஸ் வேலை. வடிவுக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

“மேடம், அதுக்கு முன்ன எனக்க ரிஜிஸ்டர ஒண்ணு தாருங்க.”

ஆடி மாதத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். 9.0 என்று எழுதியிருந்த வரியில், குறிப்புக் கட்டத்தில், “பார்க்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிந்து எட்டிப் படித்தாள்.

“இன்னொண்ணும் வேணும். அவியளுக்கது.”

பிந்து பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். கிருஷ்ணமணியின் கடைசி வரி. தேதி, அதற்கு அடுத்தாற்போல வெறும் கட்டம். வடிவு அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் போலீஸ்காரரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அதே வரியில் குறிப்புக் கட்டத்தில் எழுதினாள். “பார்க்கப் போனார்.” கீழே தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் மனைவி என்றும் எழுதினாள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து இந்துஜாவுக்கு அனுப்பினாள். வெகு நேரம் கழித்து ஒரு வரி வந்தது. அம்மா, இத நான் எல்லாருக்கும் காட்டலாமா?

ஆர்டர் கைக்கு வந்து சேர்வது வரைக்கும் குளத்துக்கு அவள்தான் லஸ்கர். மறுநாளும் ஐந்தே முக்காலுக்குக் கரைக்குப் போனாள். மழை வெறித்திருந்தது. தண்ணீர் வடிந்து, மேடையில் சேறு காய்ந்து கிடந்தது. தலைப்பைச் செருகிக்கொண்டு, வழக்கம்போல ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

யாரும் போகவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்றாள். ஐந்து நிமிஷம் நின்றிருப்பாள். இருமல் இல்லை. பலகை வெறும் கல்லாக நீட்டிக் கிடந்தது. போய்விட்டார் என்று தெரிந்தபோது, அந்த மனுஷனுக்காக மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அவள் அழுதாள். கரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு சாயா போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பிறகு மணியைப் பார்த்தாள். ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் யாரும் இல்லாத பலகையில் தனியாக நடந்துபோய், மண்டிபோட்டு எட்டிப் பார்த்தாள். 9.65. பார்த்து எழுதினாள்.